நீட்டிய ஓடுதளம்

கம்பெனி விமானம் வருகிறதென்று அதன் பைலட் கர்ட் முதல் நாளே போன் செய்திருந்தார். இரவெல்லாம் பனி பெய்திருந்தது. ஊரின் பனித்தள்ளி வண்டிகள் முதலில் தெருக்களுக்குத்தான் போகும். அதனால் அப்படிப்பட்ட நாட்களில் அப்பாவே வந்து ஒரு வண்டியை எடுத்து ஓடுதளத்தைச் சுத்தம் செய்வார். கூலி கிடையாது. அவர் அந்தக் கம்பெனியின் வால்வு ஃபேக்டரியில் ஃபோர்மன்.

ஆர்ன்டால் ஊருக்குச் சொந்தமான அந்தச் சின்ன விமானத்தளத்தில் எனக்குப் பகல் வேலை. விமானங்களுக்கு எரிபொருள் நிரப்புவேன், ரேடியோவில் காற்றின் திசை சொல்வேன், காபி போடுவேன்.

ஓடுதளத்தின் வடக்குப் பகுதி கம்பெனிக்காகப் போட்டது. நீளம் போதவில்லை, இப்படியே இருந்தால் ஃபேக்டரியை வேறு ஊருக்கு மாற்ற வேண்டிவரும் என்றார்கள். அப்பாதான் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். மாநில அரசின் மானியத்தோடு கடனும் வாங்கி ஊர் அதை நீட்டியது.

"ரெண்டாவது ஷிஃப்ட் ஆரம்பிக்கப் போறாங்களாம். டுவேன் சொன்னான்" என்றார் அப்பா, கையுறையைக் கழற்றிக்கொண்டே. டுவேன் ஊர்த் தலைவர்.

"பம்ப் கம்பெனிக்கு என்ன பதில் சொன்னீங்க?"

பக்கத்து மாவட்டத்தில் ஒரு பம்ப் கம்பெனி அவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. மதியத்துக்குள் பதில் சொல்லவேண்டும்.

"இன்னும் சொல்லல. விமானம் வரட்டும்."

விமானம் வந்தது. வழக்கமான இரண்டு மேலாளர்களோடு நான் பார்த்திராத மூன்று பேர் இறங்கினார்கள். அகலமான தோள்கள், ஒரே மாதிரிக் கறுப்புச் சட்டை. அவர்களுடைய பையை நான்தான் காரில் ஏற்றினேன். கனத்தது. வாய் சரியாக மூடியிருக்கவில்லை. உள்ளே சங்கிலிகளும் அட்டையிலிருந்து பிரிக்காத புதுப் பூட்டுகளும் இருந்தன.

கர்ட் காபி குடிக்க வந்தார்.

"அடுத்த மாசமும் விமான ஷெட்டுல ஹீட்டர் போட்டு வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்மா. இன்னிக்கோட கணக்கை முடிச்சுடு." பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "நான் எதுவும் சொல்லல" என்றார்.

அப்பா வெளியே வண்டியின் பனி தள்ளும் பிளேடுக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அவங்க பூட்டு கொண்டுவந்திருக்காங்க. பை நெறைய."

"கொண்டுவரட்டும். ஸ்டோர்ல பித்தளை திருட்டுப் போகுதுன்னு நான்தான் எழுதிப் போட்டேன். இப்பவாவது காதுல விழுந்துதே."

"கர்ட் அடுத்த மாசம் ஷெட் வேண்டாம்னுட்டார்."

"அவன் டிரைவர். அவன்கிட்டயா யோசனை கேப்பாங்க?"

"பம்ப் கம்பெனிக்குச் சரின்னு சொல்லிடுங்கப்பா."

அப்பா சிரித்தார். "நாலு வருஷம் பிசிக்ஸ் படிச்ச. நாலு பூட்டைப் பாத்துட்டு ஃபேக்டரியவே மூடிட்டியே, மார்னி!"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, என் மேஜையிலிருந்தே பம்ப் கம்பெனிக்குப் போன் செய்தார். "மன்னிக்கணும். இங்க என்னை நம்பியிருக்காங்க" என்றார். முதுகை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார். பிறகு தலைசீவி, மேலாளர்கள் ஃபேக்டரியில் கூட்டியிருந்த கூட்டத்துக்குப் போனார்.

திரும்பி வந்தபோது கோட் இல்லை. எல்லோரையும் கேன்டீனில் உட்காரவைத்து, ஃபேக்டரியை மூடுவதாகச் சொல்லிவிட்டார்களாம். அதற்குள் கறுப்புச் சட்டைக்காரர்கள் மற்றக் கதவுகளைப் பூட்டிவிட்டார்கள். கோட் லாக்கர் அறையில் இருந்தது. தபாலில் அனுப்புவார்களாம்.

பம்ப் கம்பெனிக்கு மறுபடி போன் செய்தார். அவர் வேண்டாமென்றதுமே அவர்கள் வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டார்களாம். போனை வைத்தவர் என்னைப் பார்க்காமல், "நீ இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம்" என்றார்.

மறுபடி பனி கொட்டியது. டுவேன் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"யோவ் விர்ஜில், ஒரு தடவ தள்ளி விட்டுடுய்யா. அவங்க கெளம்பணுமாம்."

அப்பா எழுந்து போனார். ஜன்னலில் பார்த்தேன். வண்டி தெற்கிலிருந்து வந்து, பழைய ஓடுதளம் முடியும் இடத்தில் திரும்பியது. மறுபடி வந்தது, அங்கேயே திரும்பியது. வடக்குப் பகுதி வெள்ளையாகக் கிடந்தது.

உள்ளே வந்து சாவியை மேஜையில் வைத்தார். "ஊர் ரன்வேயைத் தள்ளிட்டேன். அந்தப் பக்கம் கம்பெனிக்குப் போட்டது. கம்பெனிக்காரனே தள்ளிக்கட்டும்."

"இந்த நீளத்துல ஏற முடியாதே" என்றார் கர்ட் மெதுவாக. திரும்பி வந்திருந்த மேலாளர்கள் போனில் மும்முரமாக இருந்தார்கள்.

"மானியம் வாங்கியிருக்கோம்யா! எந்த விமானத்தையும் தடுக்கக் கூடாது. பணத்தைத் திருப்பிக் கேட்டா நீயா குடுப்ப?" என்றார் டுவேன்.

"கேக்கட்டும். இனிமே வரி கட்ட இங்க எவன் இருக்கப்போறான்?"

டுவேன் சாவியை எடுத்துக்கொண்டு, பளபளக்கும் ஷூவோடு வண்டியில் ஏறினார். அவருக்கு ஓட்டத் தெரியும், பிளேடைப் பிடிக்கத் தெரியாது. தார் கீறும் சத்தம் உள்ளே வரை கேட்டது. ஓரத்து விளக்கு ஒன்று உடைந்தது.

"பிளேடைத் தூக்குடா" என்றார் அப்பா, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று. அவர் வலது கை தானாக மேலே போயிற்று. "தூக்குடா, மடையா."

இரண்டாவது விளக்கும் உடைந்தது.

அப்பா வெறும் சட்டையோடு வெளியே ஓடினார். டுவேனைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, தான் ஏறினார். வடக்குப் பகுதி முழுவதையும், ஓரம் வரைக்கும், எப்போதும்போல் ஒழுங்காகத் தள்ளினார்.

விமானத்திலிருந்து கர்ட் ரேடியோவில் கேட்டார், ஓடுதளம் எப்படி இருக்கிறதென்று.

"வடக்கால ஓரத்துல ரெண்டு லைட் இல்ல. மத்தபடி முழு நீளமும் சுத்தமா இருக்கு."

"அப்பாவுக்கு நன்றி சொல்லும்மா."

விமானம் ஏறிப் போன பிறகும் அப்பா வண்டியைவிட்டு இறங்கவில்லை. நான் என் கோட்டை எடுத்துக்கொண்டு போனேன். அது அவருக்குத் தோளில்கூட நிற்கவில்லை.

"கர்ட் ரேடியோல எதாவது சொன்னானா?"

"இல்லப்பா" என்றேன். அந்த நன்றியை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.