இறுதி ஆட்டத்துக்குச் சனம் சேர்த்தவர்

வானொலி நிலையத்தின் ஐந்து தொலைபேசி இணைப்புகளும் ஒரே நேரத்தில் மினுங்கத் தொடங்கியபோது செல்வரட்ணத்துக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பின்னால் எத்தனையோ தடவை அதை அவர் நினைத்துப் பார்த்தார். பயமோ வெட்கமோ ஒரு சின்ன நெருடலோ முதலில் வந்திருக்கக் கூடாதா? வரவில்லை. அறிவிப்பாளர் றஜிதா மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து புருவத்தை உயர்த்தி ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினாள். பத்து வருடமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் விளையாட்டுச் செய்தி வாசிக்க அந்த நாற்காலியில் வந்து குந்துகிறவர் அவர். ஒரு இணைப்புக்கு மேல் மினுங்கி அவர் கண்டதில்லை. அந்த ஒன்றும் அடுத்த நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று கேட்பதற்காகத்தான் இருக்கும்.

அவர் சொன்னது இவ்வளவுதான். "வாற ஞாயிற்றுக்கிழமை மோர்னிங்சைட் மைதானத்தில நடக்கிற கரப்பந்து இறுதி ஆட்டத்தில, ஆறு வருஷமா முகம் பாத்துக் கதைக்காத ஒரு அண்ணனும் தம்பியும் வலைக்கு ரெண்டு பக்கமும் நிக்கப் போகினம். ஆட்டம் முடிய அவை கதைப்பினமோ? வந்து பாருங்கோ."

பெயர் சொல்லவில்லை. ஸ்ரூடியோவுக்கு வரும் வழியில் பேருந்திலேயே அதைத் தீர்மானித்து வைத்திருந்தார். பெயர் சொல்லாவிட்டால் பிழை இல்லை. ஆனால் இரண்டு அணிகளின் படங்களும் பெயர்களும் போட்ட சுவரொட்டியை ஸ்காபரோவில் உள்ள தமிழ்க் கடைக் கண்ணாடிகளில் எல்லாம் தன் கையாலேயே ஒட்டியவரும் அவர்தான்.

முதலில் வந்த நேயர் வாழ்த்துச் சொன்னார். இரண்டாவது ஆள், "உது எங்கட அமிர்தநாதற்ற பெடியளெல்லோ? கஸ்பரும் கிளிபோட்டும்" என்றார். மூன்றாவதாக ஒரு பெண். சிரித்துக்கொண்டே பேசினாள். "தங்கச்சி, தேப்பன்ர மரண அறிவித்தலில மூத்த மருமகளின்ர பேரைப் போடாமல் விட்டவை. உந்த றேடியோவிலதான் மூண்டு நாளும் வாசிச்சவை. அவ வெறுமனே போய் செத்தவீட்டு வாசலில நிண்டவ, பாவம். அதுக்கு முந்தியும் அவவைப் பற்றிக் கதை இருந்ததுதானே..." றஜிதா பாய்ந்து விளம்பரத்தைப் போட்டாள். நகைக்கடை விளம்பரத்தின் மேளம் அறையை நிறைத்தது. செல்வரட்ணம் கையில் இருந்த தாளை மடித்தார். மடித்ததை இன்னொரு முறை மடித்தார்.

அந்தப் பெண் சொன்னதில் பொய் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் அமிர்தநாதர் செத்தபோது அறிவித்தலை எழுதிக் கொடுத்தது இளையவன் கிளிபோட். அன்பு மருமக்கள் என்ற வரியில் அவனுடைய மனைவி கரோலினின் பெயர் இருந்தது. கஸ்பரின் மனைவி ஸ்டெபனியின் பெயர் இல்லை. மறதி என்றான் அவன். கஸ்பர் நம்பவில்லை. பேரப்பிள்ளைகள், சம்பந்திகள், ஜேர்மனியில் இருக்கும் ஒன்றுவிட்ட மச்சான் வரைக்கும் பேர் வருகிற அறிவித்தலில் ஒருத்தியின் பேர் மட்டும் வராவிட்டால், அந்த வீட்டில் அவளுக்குக் கதிரை இல்லை என்றுதான் ஊர் வாசிக்கும். தேப்பனை அடக்கம் செய்துவிட்டுப் பிரிந்த சகோதரர்கள் அதன் பிறகு கதைக்கவில்லை. கிளிபோட் அண்ணனின் பிக்கரிங் அணியை விட்டு மார்க்கம் அணிக்குப் போனான்.

இந்த வருடம் இரண்டு அணிகளும் இறுதிக்கு வந்தன. அதை நினைத்துச் செல்வரட்ணம் மகிழ்ந்ததற்குக் காரணம் இருந்தது. சுற்றுப்போட்டித் தலைவர் நீக்கிலாஸ் ஆனி மாதமே சொல்லிவிட்டார். "அண்ணை, போன முறை பாத்தனீங்கள்தானே. சனத்தை விட சீகல் பறவையள் கூட. அதுவும் சீகல் கடைசி வரைக்கும் நிண்டதுகள். இந்த முறையும் உப்பிடியெண்டால் இதோட நிப்பாட்டுவம்." சுற்றுப்போட்டிக் குழுப் பட்டியலில், விளம்பரப் பொறுப்பாளர் என்று செல்வரட்ணத்தின் பெயருக்குக் கீழே எழுதியிருந்தது. தொழிற்சாலை வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் பெயருக்குக் கீழே எழுத மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். வெறும் மைதானத்தை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சொல் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக அவருக்குத் தோன்றும்.

அப்படிப்பட்ட நாட்களில்தான் கிளடிஸ் அக்காவைக் கண்டார். அந்தச் சகோதரர்களின் தாய். அவரும் இவரும் ஒரே அடுக்குமாடிக் கட்டடம். இவர் பதினோராம் மாடி, அக்கா ஒன்பதாம் மாடி. நிலக்கீழ் உடுப்புத் தோய்க்கிற அறையில், உலர்ந்த படுக்கை விரிப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார் அக்கா.

"தம்பி, உதின்ர மற்றப் பக்கத்தை ஒருக்காப் பிடி."

பிடித்தார். இருவரும் நெருங்கி, நுனியோடு நுனி சேர்த்து, விலகி, மறுபடி நெருங்கினார்கள். மூன்றாவது முறை நெருங்கியபோது அக்கா குரலைத் தாழ்த்தினார். "மூத்தவன் நேற்று ஃபோன் எடுத்தவன். மச் முடிய நெட்டுக்குக் கீழ கை குடுப்பினமெல்லே, அப்ப தம்பியோட தானாக் கதைக்கப் போறானாம். வீட்டை கூட்டிக்கொண்டு வாறனம்மா, சமையுங்கோ எண்டவன். ஸ்டெபனிதான் சொல்லி விட்டிருக்கிறாள். சின்னவனுக்கு ஒண்டும் தெரியாது. உனக்குச் சொல்லாமல் இருக்கேலாமல் கிடக்கு, அதால சொல்லுறன். வாயை விட்டுடாத, என்ன?"

"எனக்கென்ன விசரோ அக்கா" என்றார் செல்வரட்ணம்.

அந்த நேரத்தில் அதை உண்மையாகத்தான் சொன்னார். நாலு நாள் அந்தச் செய்தியை நெஞ்சுக்குள் வைத்திருந்தார். நல்ல செய்தி, கூட வைத்திருக்க வைத்திருக்க இன்னும் நல்லதாக ஆகிக்கொண்டு வந்தது. அதைக் கேட்டால் யார்தான் வரமாட்டார்கள்? நல்லது நடக்கப்போகிறது, நாலு சனம் பார்த்தால் என்ன? இப்படித்தான் அது கிளடிஸ் அக்காவின் செய்தியாக இருந்து, மெல்ல மெல்ல, அவருடைய செய்தியாக மாறியது.

வானொலிக்குப் போய்வந்த அடுத்த நாள் காலை லிஃப்ட் ஒன்பதாம் மாடியில் நின்றது. கதவு திறந்தது. அக்கா உள்ளே வந்து, கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டார். எட்டு. ஏழு. செல்வரட்ணம் எண்கள் மாறுவதைப் பார்த்தார். அவர் சாதாரணமாகவே மௌனத்துக்குப் பழகியவர்தான். மனைவி போன பிறகு நாட்கணக்கில் பேசாமல் இருந்தவர். ஆனால் இது வேறு மௌனம். இதற்குள் அவருக்கு நிற்க இடம் இருக்கவில்லை. நாலாம் மாடியில் அக்கா சொன்னார்.

"நான் றேடியோவைப் போட்டுட்டுத்தான் மீன் வெட்டிக்கொண்டு நிண்டனான்."

"அக்கா, நான் பேர் சொல்லேல்லை..."

"ஓம். நீ சொல்லேல்லை." கதவு திறந்தது. "ஸ்டெபனியும் கேட்டவளாம்" என்று சொல்லிவிட்டு அக்கா போனார்.

அன்று பின்னேரமே இரண்டு பேருந்து மாறிப் பிக்கரிங் போனார். கஸ்பர் வீட்டுக் கராஜ் திறந்திருந்தது. புல்லு வெட்டும் இயந்திரத்தைக் கவிழ்த்து வைத்து, ஒட்டியிருந்த புல்லைத் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தான் கஸ்பர். நாற்பத்திரண்டு வயது, காதோரம் நரைத்திருந்தது. இவரைக் கண்டதும் எழும்பினான். வாங்கோ என்று சொல்லவில்லை, போங்கோ என்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளே இருந்து கராஜுக்கு வரும் கதவு கொஞ்சம் திறந்து, பிறகு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

"தம்பி, பிழை என்ர. கொம்மா நம்பிச் சொன்னதை நான்தான்..."

"விளங்குது அண்ணை."

"றேடியோவில போய் மன்னிப்புக் கேக்கிறன். இப்பவே கேக்கிறன்."

"வேண்டாம். பிறகு அதுக்கும் நாலு பேர் ஃபோன் எடுப்பினம்." தகட்டை இயந்திரத்தின் மேல் வைத்தான். கொஞ்ச நேரம் தன் கையில் ஒட்டியிருந்த பச்சையைப் பார்த்தான். "ஆறு வருஷம் அண்ணை. என்ன சொல்லித் தொடங்கிறதெண்டு ரெண்டு மாசமா யோசிச்சு வைச்சிருந்தனான். ஒரு சொல்லுத்தான், பெரிசா ஒண்டுமில்லை. இப்ப அதை நான் கதைக்க முந்தி ஊர் கதைச்சு முடிச்சிட்டுது. இனிப் போய்க் கதைச்சால் அது உங்கட விளம்பரத்துக்குக் கதைச்ச மாதிரி. கதைக்காட்டில் அதுவும் நியூஸ்."

"அப்ப விளையாட வரமாட்டீரோ?"

"வராமல் விட்டால் பெரிய நியூசெல்லே" என்று சொல்லி முதல் தடவையாகச் சிரித்தான் கஸ்பர். அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டு செல்வரட்ணம் பேருந்துத் தரிப்பிடம் வரை நடந்தார். அடுத்த பேருந்து வர நாற்பது நிமிடம் இருந்தது. நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை சனம் வந்தது. சுற்றுப்போட்டி தொடங்கிய காலத்திலிருந்து அப்படியொரு சனத்தை யாரும் கண்டதில்லை. வாகனத் தரிப்பிடம் காலையிலேயே நிரம்பி, மைதானத்தை ஒட்டிய வீதியின் இரண்டு கரையும், புல்லும், நிறுத்தக் கூடாது என்று பலகை போட்ட இடமும்கூடக் கார்களாகிவிட்டன. கொத்துரொட்டிக் கூடாரத்தில் வரிசை. நீக்கிலாஸ் ஓடி வந்து அவரைக் கட்டிப் பிடித்தார். "அண்ணை, உங்களுக்குக் கோயில் கட்டவேணும்!" வர்ணனையாளர் மேசையில், ஒலிவாங்கிக்கு முன்னால், செல்வரட்ணம் தண்ணீர் குடித்தார். கிளடிஸ் அக்காவைச் சனத்துக்குள் தேடினார். அவர் வரவில்லை.

வந்தவர்கள் பந்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேரைப் பார்த்தார்கள். "தம்பி, அண்ணற்ற தலைக்கு அடியடா!" என்று ஒரு குரல். "கஸ்பர், மச்சாளைக் கூட்டிக்கொண்டு வரேல்லையோ?" என்று இன்னொன்று, அதற்கு ஒரு சிரிப்பு. "ப்ரோ, விச் வண் இஸ் த அண்ணா?" என்று இங்கே பிறந்த ஒருவன் பக்கத்தில் நின்றவனைக் கேட்டான். கிளிபோட் உயர எழும்பி அடித்த ஒவ்வொரு அடியும் அவசியத்துக்கு மேலான பலத்தோடு விழுந்தது. கஸ்பர் குனிந்து எடுத்தான், எழுந்தான், மறுபடி குனிந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கே அவர்கள் களைத்துப்போனது செல்வரட்ணத்துக்குத் தெரிந்தது. அவர் புள்ளிகளை மட்டும் சொன்னார். வேறு எந்த வர்ணனையும் வாயில் வரவில்லை.

மூன்றாவது செற்றில் பிக்கரிங் வென்றது. நடுவர் ஊதினார். இரண்டு அணியும் கோட்டுக்கு வந்து, வலைக்குக் கீழே கைகொடுக்க வரிசையாக நகரத் தொடங்கின. அப்போது சனம் முழுவதும் எழும்பியது. கதிரைகள் சரிந்தன. நூற்றுக்கணக்கான கைகள் உயர்ந்தன. ஒவ்வொரு கையிலும் ஒரு கைத்தொலைபேசி. யாரும் பேசவில்லை. அந்த அமைதியில் உள்ளங்கைகள் தட்டுப்படும் சத்தம் கூடக் கேட்டது. கஸ்பருக்கும் கிளிபோட்டுக்கும் இடையில் மூன்று பேர் இருந்தார்கள். கஸ்பர் தன் கையை மேற்சட்டையில் துடைத்தான். பிறகு நிமிர்ந்து சனத்தைப் பார்த்தான். அந்த முகம் கராஜில் கண்ட அதே முகமாக இறுகியது.

செல்வரட்ணம் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்ட எடுத்தார்.

"ஒரு அவசர அறிவித்தல். ரோட்டுக் கரையில விட்ட வாகனங்களை இழுத்துக்கொண்டு போக டோ ட்ரக் வந்து நிக்குது. ரெண்டு வண்டியை ஏற்கெனவே கொழுவிப்போட்டாங்கள். சொந்தக்காரர் உடனடியா ஓடிப் போங்கோ."

"ஐயோ, என்ர வான்!" என்றது ஒரு குரல். பிறகு எல்லாக் குரல்களும். உயர்ந்திருந்த கைகள் இறங்கின. சனம் உடைந்து, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, சாறி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீதியை நோக்கி ஓடியது. கொத்துரொட்டிக்காரரும் ஏப்ரனோடு ஓடினார். நீக்கிலாஸ் மேசையில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார்.

"எங்க அண்ணை? நான் ஒண்டையும் காணேல்லையே?"

"நீங்களும் அங்காலை பாருங்கோ" என்றார் செல்வரட்ணம்.

ஒலிவாங்கியை நிறுத்தினார். கதிரையை வீதிப் பக்கமாகத் திருப்பி, வலைக்கு முதுகு காட்டி அமர்ந்தார். முதுகுக்குப் பின்னால் யாரோ இரண்டடி நடப்பது கேட்டது. பிறகு அதுவும் நின்றது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து முழுவதும் வலித்தது. தூரத்தில், வீதிக் கரையில், சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு முதியவர் தன்னுடைய காரை இரண்டு முறை சுற்றி வந்தார். அது நின்ற இடத்திலேயே நிற்பதை நம்ப முடியாதவர் போல, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.