கணக்கை வெட்டச் சொன்னார்கள்

"அண்ணி, அண்ணன் பலகையில போடற அந்தக் கணக்கு மட்டும் வேண்டாமே" என்று கொழுந்தன் மூன்றாவது தடவையாக ஆரம்பித்தபோதும் அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவள் அந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் எடிட்டர். கொழுந்தன் அங்கேயே நிகழ்ச்சிப் பொறுப்பாளர். இறந்துபோன அவள் கணவர் அதே நிலையத்தில் வாராவாரம் வானியல் நிகழ்ச்சி நடத்தியவர். சட்டைப் பையில் எப்போதும் சுண்ணாம்புத் தூள் படிந்திருக்கும் என்பதால் வாசல் காவலாளி முதல் கேமராக்காரர் வரை அவரைச் சாக்பீஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நினைவாக அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். வெட்டி ஒட்டும் வேலை அவளுக்கு வந்தது. வேறு யாராவது செய்யட்டும் என்று நிலையத் தலைவர் பெருந்தன்மையாகச் சொல்லிப் பார்த்தார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"கடலோரத்துல எடுத்த காட்சி இருக்கு. மியூசிக் இருக்கு. அண்ணன் கையை விரிச்சு, 'எவ்வளவு பெரிசு, நாம எவ்வளவு சின்னவங்க'ன்னு சொல்றார். பார்க்கிறவங்களுக்கு நெஞ்சு அடைச்சிடும். அது போதாதா?"

"நெஞ்சு அடைக்கிறதுக்கா அவர் ராத்திரி பகலாப் படிச்சார்?"

அவள் வேண்டுமென்று வீம்பு பிடிக்கவில்லை. நினைவு நிகழ்ச்சிக்காகப் பழைய பதிவுகளை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்திருந்தாள். ஆரம்ப வருடங்களில் திரை முழுக்கக் கரும்பலகை. விளக்குப் போடுகிறவர், பலகையில் வெளிச்சம் திட்டுத் திட்டாக விழுகிறது என்று புலம்புவதுகூடப் பதிவாகியிருந்தது. கொஞ்ச வருடம் கழித்துப் பலகை சுருங்கி ஒரு மூலைக்குப் போனது. அப்புறம் பலகையே இல்லை. நிறம் நிறமாய்க் கோள்கள் சுழன்றன, வயலின் அழுதது. கடைசியில் கடல் வந்து சேர்ந்தது.

நிலையம்தான் அவரைக் கெடுத்துவிட்டது என்று நிரூபித்துவிடலாம் என நினைத்துத்தான் தேடப் போனாள். ஆனால் கடலோரத்தில் எடுத்த வெட்டாத காட்சியில் அவரே கேமராக்காரரிடம், "இன்னொரு தடவை எடுப்போமா? இப்பதான் காத்து நல்லா அடிக்குது" என்று கேட்கிறார். முடியை வேறு கோதிக்கொள்கிறார். செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்று யார் சொன்னது? அன்று முழுக்க அவள் அவர் மேல் கோபமாகவே இருந்தாள். துண்டை உதறும்போதுகூடக் கோபம்.

அவர் விரும்பித்தான் கடலுக்குப் போனார் என்பது கொழுந்தனுக்கும் தெரியும். அதையே இப்போது எடுத்து வீசினான்.

"அண்ணனே கணக்கை விட்டுட்டார். நீங்க எதுக்கு உடும்பு மாதிரி பிடிச்சிட்டு இருக்கீங்க?"

"அவர் விட்டா நானும் விடணுமா? நான் கட்டிக்கிட்டது பலகை முன்னாடி நின்னவரை. கடல் முன்னாடி நின்னவரை இல்ல."

"அதுலயும் அவர் தப்புப் போடறார் அண்ணி! ஊரே பார்க்க, செத்தவரை அவமானப்படுத்தணுமா?"

"நீ முழுசா பார்த்தியா?"

பக்கத்து நாற்காலியைக் காலால் கொழுந்தன் பக்கம் தள்ளினாள். "உட்காரு தம்பி. பார்த்துட்டுப் பேசு."

திரையில் தாடி நரைக்காத சாக்பீஸ் விரலிடுக்கில் ஒரு நாணயத்தைப் பிடித்திருந்தார். அகலம் இரண்டரை சென்டிமீட்டர். ஒரு டிகிரி கோணத்தை மூவாயிரத்து அறுநூறு துண்டாக்கினால், ஒரு துண்டின் அளவுக்கு இந்த நாணயம் சிறிதாகத் தெரிய வேண்டும். அதற்கு இதை எவ்வளவு தூரம் கொண்டுபோய் வைக்க வேண்டும்? பலகையில் சுண்ணாம்புக்கட்டி கிறீச்சிட்டது. இசை இல்லை. எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. கடைசியில், "ஐம்பத்தோரு கிலோமீட்டர்" என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

கொழுந்தன் முன்னால் குனிந்தான். "ஐம்பதா? அவ்வளவு வராதே."

அவள் படத்தை நிறுத்தாமல் ஓடவிட்டாள்.

"சென்டிமீட்டரை மீட்டராக்கும்போது நூறால வகுக்கணும். பத்தால வகுத்துட்டார்." திரையைப் பார்த்துக் கையை நீட்டினான். "அண்ணா, மேல பாரு! ரெண்டு வரி மேல!"

திரையில் அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். பாதியில் நின்றார். தலையைச் சொறிந்தார். "இருங்க, இருங்க. எங்கேயோ ஒரு சைபர் கூடிப்போச்சு. நீங்க யாராவது பார்த்தீங்களா?" என்று கேமராவைக் கேட்டார். பின்னால் திரும்பி வரி வரியாக மேலே ஏறினார். கண்டுபிடித்ததும் உள்ளங்கையால் அழித்தார். ஐந்து கிலோமீட்டர், சொச்சம். "இப்ப நிம்மதியாத் தூங்கலாம். ஆனா பாருங்க, பூமி சூரியனைச் சுத்தறதால, நமக்குப் பக்கத்துல இருக்கிற நட்சத்திரம் ஆறு மாசத்துல நகர்ற மாதிரி தெரியறது இந்த நாணயத்தளவுகூட இல்ல. முக்கால்தான்."

"சைபரைத்தான் கடைசில பிடிச்சிட்டாரே" என்றான் கொழுந்தன். உடனே, "நான் முதல்ல பிடிச்சேன்" என்று சேர்த்துக்கொண்டான்.

"சின்ன வயசுல இருந்தே உங்க ரெண்டு பேருக்கும் இதே போட்டிதானே. இப்ப சொல்லு, வெட்டணுமா?"

"மேல இருக்கிறவர் ஒத்துக்க மாட்டார் அண்ணி."

"அதை அவர் வாயால கேட்போம். வா."

தலைவரின் அறையில் ஏசி குளிரில் நாற்காலிகூட விறைத்துப்போயிருந்தது. அவர் கனிவாகத்தான் பேசினார். கணக்கு ஓடுகிற நேரத்தில் ஜனங்கள் எழுந்துபோய்விடுவார்களாம். குறைந்தபட்சம் அதன்கீழே மெல்லிசாக ஒரு புல்லாங்குழலாவது போடலாமாம். "நினைவு நிகழ்ச்சி இது. பார்க்கிறவங்க கண்ணு கலங்கணும், இல்லையா?"

"கலங்கறதுக்கு வீட்டுல நான் இருக்கேன் சார்" என்றாள். "டிவில அவர் கணக்குப் போடட்டும்."

தலைவர் மேசையிலிருந்த கண்ணாடி உருண்டையை உருட்டினார். "கடைசியில கடல் ஒண்ணாவது…"

"கடல்தான் வேணும்னா போட்டுக்குங்க. ஆனா அவர் பேரைப் போடாதீங்க, என் பேரையும் போடாதீங்க. யாரோ ஒருத்தர் கடற்கரையில காத்து வாங்கறார்னு போடுங்க."

தலைவர் கொழுந்தனைப் பார்த்தார். வீட்டு மனிதன்தானே, எடுத்துச் சொல்வான் என்று நினைத்திருக்க வேண்டும். கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டே, "புல்லாங்குழலும் வேண்டாம் சார்" என்றான்.

"அப்படின்னா ராத்திரி எட்டு மணி கிடையாது. ஞாயிறு மத்தியானம் போடறேன். ஊரே தூங்கற நேரம்."

"தூங்காதவங்க பார்ப்பாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். தானே வெட்டி ஒட்டியதுதான், ஒவ்வொரு நொடியும் மனப்பாடம். ஆனாலும் சைபர் கூடிய இடத்தில் தானும் திரையைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவர் உள்ளங்கையால் பலகையை அழித்தபோது அழுகை வந்தது. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து மிச்சத்தைப் பார்த்தாள்.

நிகழ்ச்சி முடிந்து கொஞ்ச நேரத்தில் கொழுந்தன் அழைத்தான்.

"அண்ணி, நிலையத்துக்கு ஃபோன் மேல ஃபோன். பாதிப்பேர் போர் அடிச்சுதுன்னு திட்டறாங்க."

"திட்டட்டும். மீதிப்பேர்?"

"அவங்கதான் மோசம். கணக்கு இன்னும் தப்புங்கறாங்க."

"சைபரைத்தான் திருத்திட்டாரே?"

"அது இல்ல. ஆறு மாசத்துல முக்கால் நாணயம் நகரும்னார் இல்லையா? ஒன்றரை நகருமாம். பூமி இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போற முழு நகர்வு அது. வானியல்காரங்க அதுல பாதியைத்தான் கணக்குக்கு எடுப்பாங்களாம், அதான் முக்கால். அண்ணன் பாதியாக்கினதைச் சொல்லாமலே பாதியைச் சொல்லிட்டாராம். ஒரு அம்மா படமே வரைஞ்சு அனுப்பியிருக்காங்க. தலைவர் தலைமேல கையை வெச்சுட்டு உட்கார்ந்திருக்கார்."

அவள் செய்தித்தாளின் ஓரத்தில் சூரியனுக்கு ஒரு புள்ளியும், பூமி சுற்றும் வட்டமும், தள்ளி ஒரு நட்சத்திரமும் போட்டாள். வட்டத்தின் இரண்டு முனையிலிருந்தும் கோடு இழுத்தாள். எத்தனை தடவை அந்த வாக்கியத்தின்மேல் வெட்டியிருக்கிறாள், ஒட்டியிருக்கிறாள்! அவளுக்கும் தட்டுப்படவில்லை, அவருக்கும் தட்டுப்படவில்லை.

"அண்ணி? லைன்ல இருக்கீங்களா? கண்டுக்காம விட்டுடலாம். ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

"அவங்க சொல்றதுதான் சரி" என்றாள். "அடுத்த ஞாயிறு, இதே நேரம், திருத்தம் போடணும்."

"கீழே ஒரு வரி ஓடவிட்டாப் போதுமா?"

"ஒரு வரியில எப்படிப் புரியும்? பலகை வேணும். வட்டம் போட்டு, கோடு இழுத்து, பாதி ஏன்னு விளக்கணும். தலைவர்கிட்ட நாலு நிமிஷம் கேளு."

"நாலு நிமிஷம் கணக்கா? என்னைக் கடிச்சுத் துப்பிடுவார்."

"துப்பட்டும். அந்த அம்மாவோட நம்பர் இருக்கில்ல? பலகை முன்னாடி நின்னு அவங்களே சொல்லுவாங்களான்னு முதல்ல கேளு."