பத்தொன்பது நிமிட அழைப்பு

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்துக்கு வரும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பும் பதிவாகிறது. எந்த எண், எத்தனை முறை மணியடித்த பிறகு எடுத்தார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று மாதக் கடைசியில் கணினி அட்டவணை போட்டுத் தந்துவிடும். அதை வரி விடாமல் படிக்கும் மேலாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'சராசரி'.

அழைப்பெடுக்கும் நான்கு பேரில் மூன்று பேருக்கு இந்த மாதம் ஓர் அழைப்புக்குச் சராசரியாக இரண்டரை நிமிடம். நான்காவது இருக்கைக்கு ஒன்பது. அங்கே உட்காரும் அக்காவின் வேலை ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

"நீட்டிக்க முடியாதும்மா," என்றார் சராசரி. "ஒரே அழைப்புல பத்தொன்பது நிமிஷம். கல்யாணப் பேச்சா பேசினீங்க?"

"லிஃப்டுக்குள்ள மாட்டின ஒரு அம்மா சார். கதவு திறக்கிற வரைக்கும் பேசிட்டிருந்தேன்."

"ஆள் அனுப்பியாச்சுன்னு சொல்லிட்டு வைக்க வேண்டியதுதானே?"

வேலைச்சீட்டில் கையெழுத்து வாங்க வந்த மெக்கானிக் கதவருகே நின்றிருந்தார்.

"சார், நடுவுல பேசறேன்னு நினைக்காதீங்க. மத்தவங்க அனுப்புற இடத்துக்குப் போனா, உள்ள இருக்கிறவங்க பயத்துல கதவை நெம்பி வச்சிருப்பாங்க. அதைச் சரிபண்ணவே ரெண்டு மணி நேரம் ஆகுது. அக்கா பேசின இடத்துல யாரும் கதவைத் தொடறதில்லை."

"அக்காவுக்கு வக்காலத்தா?"

"என் முதுகுக்கு வக்காலத்து சார்."

சராசரி அந்தப் பத்தொன்பது நிமிடப் பதிவை ஒலிக்கவிட்டார். முதலில் மூச்சிரைப்பு, கதவைக் குத்தும் சத்தம். "கையை எடுங்கம்மா. உங்களுக்கு எத்தனை பசங்க?" என்கிறது அக்காவின் குரல். அந்த அம்மா சொல்லிக்கொண்டே போகிறார்: மூத்தவனுக்குக் கணக்கு வரவில்லை, மாமியாருக்கு முழங்கால் வலி, நாத்தனார் வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்கிறாள். நான்காவது நிமிடத்துக்குப் பிறகு குத்தும் சத்தமே இல்லை.

அலமாரியிலிருந்து அந்த மாத வேலைச்சீட்டுகளை எடுத்து, அழைப்பு அட்டவணையோடு தேதி தேதியாக ஒப்பிட்டார். அரை மணி நேரமானது. கதவு நெம்பப்பட்ட வேலைகள் பதினொன்று. நான்காவது இருக்கை எடுத்த அழைப்பு அதில் ஒன்றுகூட இல்லை.

"சரி, இன்னும் ஒரு வருஷம்," என்றார். "ஆனா நாளையிலிருந்து உள்ள மாட்டினவங்க அழைப்பெல்லாம் உங்களுக்குத்தான். நேரக் கணக்கு கிடையாது."

"எல்லாமேவா? ஒருத்தர்கிட்ட பேசிட்டிருக்கப்ப இன்னொருத்தர் மாட்டினா?"

சராசரி அட்டவணையைப் பார்த்தார்.

"மத்த மூணு பேரும் ஒரு வாரம் என் பக்கத்துல உட்கார்ந்து கேட்கட்டும் சார்," என்றாள் அக்கா. "அதுக்குச் சம்மதம்னா ஒப்பந்தத்தைக் கொடுங்க, கையெழுத்துப் போடறேன்."