சலோமி மடிச்ச கிளி

இல்ல, திருடல. அத மொதல்லயே சொல்லிருதேன். ஏன்னா ஹாஸ்டல்ல அப்படித்தான் பேசிக்கிடுதாவ. கேட்டுத்தான் வாங்கினேன். கேக்க வேண்டிய ஆள்ட்ட கேக்கல, அம்புட்டுதான். அந்த அம்புட்டுலதான் எல்லாம் கெட்டுப்போச்சு.

எங்க ராஜபாளையம் கோயில்ல சாம்பல் புதனுக்கு முந்தின நாள், போன வருசத்துக் குருத்தோலைய எரிச்சு, நெத்தியில வைக்க சாம்பல் எடுப்போம். குருத்து ஞாயிறு பவனியில கையில புடிச்சுட்டுப் போன ஓலை, வருசம் பூரா வீட்டுல சாமி படத்துக்குப் பின்னால சொருகி இருக்கும். அவியவியளே கொண்டாந்து குடுக்கணும். பாதிப் பேரு மறந்துருவாவ. இந்த வருசம் இளைஞர் குழுவுக்கு நான் செயலாளரு, சும்மா இருப்பனா? எங்க கோயில் பங்குல தமிழ் ஆளுக, வீட்டுல தெலுங்கு பேசுதவங்க, மலையாளத்துக்காரவ, மில்லு வேலைக்கு வந்த ஜார்க்கண்ட் பிள்ளைய, எல்லாரும் இருக்காவ. அம்புட்டு வீட்டு ஓலையும் ஒரே தீயில எரியணும்னு எனக்கு ஒரு ஆசை. சாக்க எடுத்து ஸ்கூட்டியில போட்டுக் கெளம்பிட்டேன்.

ஃபாதருக்கு அடுத்து கோயிலப் பாத்துக்கிடுத சூசை உபதேசியார் அப்பவே சொன்னாரு. "ஏட்டி ஸ்வீட்லின், குடுத்தா வாங்கு. நீயா போயி பிச்சிட்டு வந்துறாத."

"பிச்சிட்டு வர நான் என்ன கொரங்கா மாமா?"

"கொரங்கு செத்த நேரமாவது உக்காரும்ட்டி."

சிரிச்சுட்டே போனேன். கடைசியாப் போனது மில்லு ஹாஸ்டல். அங்க பிபியானா இருக்கா, ஜார்க்கண்ட்ல சிம்டேகாக்காரி. அவளும் தங்கச்சி சலோமியும் சேந்துதான் வேலைக்கு வந்தாவ. சலோமி போன ஆகஸ்ட்ல மஞ்சக்காமாலையில செத்துப்போனா. பத்தொம்பது வயசு. ஊருக்குக் கொண்டுபோக வழியில்லாம எங்க கல்லறைத் தோட்டத்துலதான் பொதச்சோம். அவ அம்மா கடைசியா ஒரு தடவ மொகத்தக்கூடப் பாக்கல.

நான் போனப்ப பிபியானா ஷிஃப்ட்ல இருந்தா. கூடத் தங்கியிருக்க வெங்கடேஸ்வரிதான் கதவத் தொறந்தா. சுந்தரபாண்டியத்துப் பிள்ள, நம்ம கோயில் பழக்கம் அவளுக்குத் தெரியாது. "பழைய ஓலை இருந்தா குடு, நாளைக்கு எங்களுக்கு சாம்பல் புதன்"னேன். அவ மாதா படத்துக்குப் பின்னால கைய விட்டு எடுத்தா. "இதுவா பாரு."

காஞ்சுபோன ஓலை. என்னமோ ஒரு பறவை மாதிரி மடிச்சு இருந்துச்சு. நான் கவனிக்காம ஒண்ணும் வாங்கல, அதையும் சொல்லிருதேன். அட, நல்லா மடிச்சிருக்காளேன்னு நெனச்சேன். நெனச்சுட்டு சாக்குல போட்டேன்.

நாலு மணிக்கு உபதேசியார் பழைய இரும்புச் சட்டியில தீ வச்சாரு. காஞ்ச ஓலை, சடசடன்னு நிமிசத்துல முடிஞ்சுபோச்சு.

அஞ்சு மணிக்கு பிபியானா ஓடி வந்தா. மில்லு யூனிஃபார்ம், முடியெல்லாம் பஞ்சு. "தீதி, தோத்தா எங்க?" தீதின்னா அக்கா, தோத்தான்னா கிளி. எனக்கு மொதல்ல புரியல. பொறவு அவளே சொன்னா. போன குருத்து ஞாயிறு அன்னைக்கு மத்தியானம் ஹாஸ்டல் பிள்ளைய எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருக்காவ. ஆண்டாள் கையில இருக்க இலைக்கிளியப் பாத்துட்டு வந்து, சலோமி தன் குருத்தோலைய அது மாதிரியே மடிச்சுருக்கா. அவ கையால செஞ்சதுன்னு மிஞ்சியிருந்தது அது ஒண்ணுதான். ஈஸ்டருக்கு பிபியானா ஊருக்குப் போறா. அம்மா தெனமும் போன்ல அந்தக் கிளியத்தான் கேக்காவளாம்.

சட்டி எனக்குப் பின்னாலதான் இருந்துச்சு, இன்னும் சூடு ஆறல. நான் சொன்னேன், "பத்திரமா உள்ள இருக்கு பிபி. நாளைக்குப் பூசைக்கு வா, தாரேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காதிய. வாய் சொல்லிருச்சு.

மறுநாள் சாம்பல் புதன், ஒருசந்தி நோன்பு. பச்சத்தண்ணியக் குடிச்சுட்டு, கோயில் தென்னங்கன்னுல இருந்து ஒரு புதுக் குருத்த எடுத்துட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். மடவார் வளாகத்துல என் காலேஜ் ஃப்ரெண்டு கமலவல்லி இருக்கா. அவளுக்குக் கைவேலை நல்லா வரும். ரெண்டு பேரும் ஒக்காந்து மடிச்சோம். மூக்கு வளையணும், வாலு நீளணும், மூணு தடவ கெட்டு நாலாவது தடவ கிளி வந்துச்சு. ஆனா பச்சையா இருந்துச்சு. ஒரு வருசம் காயணும்லா? அயர்ன் பாக்ஸ சூடு பண்ணி, துணி போட்டு அமுக்கினேன். பழுப்பா வந்துருச்சு.

கமலவல்லி பாத்துக்கிட்டே இருந்தா. "ஏட்டி, இன்னைக்கு உங்களுக்கு நோன்புதான?"

"ஆமா."

"நோன்பு அன்னைக்கா எங்க வீட்டுல ஒக்காந்து கள்ளக்கிளி செய்த?"

கேலியாத்தான் கேட்டா. நான் அத பைக்குள்ள வச்சுட்டு வந்துட்டேன்.

சாயங்காலம் ஆறு மணிப் பூசை. எங்க பங்குல ஒரு வழக்கம், நெத்தியில சாம்பல் வைக்கும்போது அவியவிய பாஷையில வசனம் சொல்லணும். ஃபாதருக்குத் தமிழும் மலையாளமும் சரளமா வரும், தெலுங்கு ஒப்பேத்துவாரு. இந்தி சுத்தமா வராது. ஜார்க்கண்ட் பிள்ளைய வரும்போது சாம்பல் தட்டு புடிக்குத நான் சீட்டப் பாத்து வாசிப்பேன், அவரு திருப்பிச் சொல்லி வைப்பாரு. மனம் திரும்பு, நற்செய்திய நம்பு. இம்புட்டுதான் அந்தச் சீட்டுல.

நாலு பேருக்கு வாசிச்சுட்டேன். அஞ்சாவதா பிபியானா. கண்ணு நேரா என் தோள்ப்பைக்குப் போச்சு. கிளி உள்ளதான் இருந்துச்சு. எடுத்துக் குடுத்தா முடிஞ்சது, அவ சந்தோசமா ஊருக்குப் போவா, அம்மாவும் வாங்கி நெஞ்சுல வச்சு அழுவாவ. நான் அயர்ன் பண்ண ஓலைய வச்சு அழுவாவ.

ஃபாதர் விரலைச் சாம்பல்ல தொட்டுட்டு என்னப் பாத்துக்கிட்டு நிக்காரு. எனக்கு அந்த வரி வாயில வரல. மனம் திரும்புன்னு நான் எப்படி அவளப் பாத்துச் சொல்ல? தட்டப் பாத்துட்டு, தெரிஞ்ச இந்தியில சொன்னேன். "தோத்தா இதுல இருக்கு பிபி. நேத்தே எரிச்சுட்டோம். நான் பொய் சொன்னேன்."

அவ தட்டையே பாத்துக்கிட்டு நின்னா. பின்னால வரிசை நின்னுபோச்சு. யாரோ இருமினாவ. பொறவு நெத்தியில வாங்காமலே திரும்பி வெளிய போயிட்டா.

பூசை முடிஞ்சு மிச்சச் சாம்பல் தட்டோட வெளிய வந்தா வாசல்ல அவளும் வெங்கடேஸ்வரியும் நின்னாவ. வெங்கடேஸ்வரி அழுதுட்டு இருந்தா, எடுத்துக் குடுத்தது தான்தானேன்னு. அவ கையில ஒரு குங்குமச் சிமிழு, காலி பண்ணித் தொடச்சு வச்சிருந்தா. ஓரத்துல மட்டும் கொஞ்சம் செவப்பு ஒட்டியிருந்துச்சு. பிபியானா அத வாங்கி என் முன்னால நீட்டினா.

"எல்லார் வீட்டு ஓலையும் கலந்துருச்சு பிபி. அத மட்டும் பிரிச்சு எடுக்க ஏலாது."

"போடு தீதி."

போட்டேன். கொஞ்சம் கீழ சிந்துச்சு. அவ குனிஞ்சு, சிந்துனதையும் விரலால தொட்டு எடுத்து உள்ள போட்டா. மூடிய மூடிட்டு, அவ பேசுற மில்லுத் தமிழ்ல சொன்னா, "அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

அதுக்குப் பொறவு எங்கூட பேசல. இப்ப தவக்காலம் மூணாவது வாரம். எனக்குத் தெரிஞ்ச இந்தி இதுக்குப் பத்தாது. ரூம்ல கேட்டுக் கேட்டுப் படிச்ச இந்திய வெங்கடேஸ்வரிதான் எனக்குத் தெனமும் ஒரு வரி சொல்லித்தாரா. உங்க மக செஞ்ச கிளிய எரிச்சது நான்தான்ங்கது வரைக்கும் வந்துட்டேன். அதுக்கு அடுத்த வரி என்னன்னு அவளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. கள்ளக்கிளிய அன்னைக்கே சட்டியில போட்டுக் கொளுத்திட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துல பிபியானா ரயில் ஏறுதா. அந்த அம்மா இன்னும் கிளி வருதுன்னுதான் காத்துக்கிட்டு இருக்காவ. நான் இப்பவே போன் போட்டுச் சொல்லிரவா, இல்ல சிமிழு அவிய கைக்குப் போய்ச் சேந்த பொறவு சொல்லவா? நீங்களா இருந்தா எத செய்விய?