சுங்குடி சுற்றிய சட்டி

சந்தனச்செல்வி வாடகைக்கு வந்த மாடிவீட்டு அடுக்களை அலமாரிக்குக் கதவு கிடையாது. சுவரில் பதித்த வெறும் சிமெண்ட் பலகைகள்தான். எதை வைத்தாலும் வருகிறவர் கண்ணில் பட்டுவிடும். கீழ்வீட்டில் தனியாக இருக்கும் வீட்டுக்காரர் காந்திமதி டீச்சர், சாவி கொடுக்கும்போதே இரண்டு நிபந்தனை போட்டிருந்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வீட்டில் மீன், கறி சமைக்கக் கூடாது.

"நாங்களும் சைவந்தான் டீச்சர்" என்று வாய் கூசாமல் சொன்னவன் செல்வியின் புருஷன் ராஜதுரை. துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். செல்வி பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாள். தூத்துக்குடியில் பிறந்து, சாளை மீன் குழம்பு இல்லாவிட்டால் அது ஞாயிற்றுக்கிழமையே இல்லை என்று வளர்ந்த இரண்டு பேர் சொன்ன பொய் அது. வீடு அப்படிப்பட்ட வீடு. காற்றும் வரும், தண்ணீரும் வரும்.

ஆணி நிபந்தனையை மட்டும் செல்வி ஒழுங்காகக் காப்பாற்றினாள். கறை பிடித்த டைல்ஸ் மேல் பூப்போட்ட ஸ்டிக்கர் ஒட்டினாள். கரண்டிகளை ஒட்டுக் கொக்கிகளில் தொங்கவிட்டாள். மேடைக்கு அடியில் சிலிண்டர் தெரியாமல் பழைய சேலையைத் திரையாகத் தைத்துப் போட்டாள். காலி ஹார்லிக்ஸ் பாட்டில்களைக் கழுவி, வெள்ளைப் பெயிண்டால் உளுந்து, சீரகம், கருப்பட்டி என்று எழுதி வரிசையாக அடுக்கினாள். ஜன்னலில் மணிபிளாண்ட் தொங்கியது.

எல்லாம் சரி, மீன் சட்டியை எங்கே வைப்பது? அம்மா பழக்கிக் கொடுத்த கரிய மண்சட்டி. வேறு எதில் வைத்தாலும் குழம்புக்கு அந்த ருசி வராது. யோசித்து யோசித்து, ஒரு சிவப்புச் சுங்குடித் துணியை அதன்மேல் சுற்றினாள். கழுத்தில் சணல் கயிறு கட்டினாள். வாயில் பிளாஸ்டிக் சூரியகாந்திப் பூக்களைச் செருகி, மேல்பலகையில் நட்டநடுவில் வைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்வி. இவள் அந்தப் பூசணிக்காய்க்குப் பொட்டும் வைத்துக் கொலுவில் ஏற்றிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் சிவன் கோயிலுக்குக் கிளம்பியதும், ராஜதுரை திரேஸ்புரத்திலிருந்து டிபன் கேரியரில் மீனோடு வருவான். சட்டி பூவையும் துணியையும் களைந்துவிட்டு அடுப்பேறும். டீச்சர் திரும்புவதற்குள் சட்டியைக் கழுவி, ஊதுபத்தி கொளுத்தி, மறுபடி அலங்காரம் செய்து ஏற்றிவிடுவாள்.

ஊதுபத்தியே தேவையில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் காலையில் டீச்சர் பால் செம்போடு மாடியேறி வந்தார்.

"ஏளா செல்வி, இதைக் கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லு. கெட்டுப் போச்சா, நல்லாருக்கா? கொரோனா வந்துட்டுப் போனதுல இருந்து எனக்கு ஒரு மணமும் தெரியமாட்டேங்கு."

செல்வி மோந்து பார்த்தாள். "நல்லாருக்கு டீச்சர்" என்றாள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காலையில் பால். மத்தியானம் நேற்றைய சாம்பார். சில நாள், "கேஸ் வாடை அடிக்கான்னு ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ." செல்வி சரி என்றால்தான் டீச்சர் அடுப்பையே பற்றவைப்பார்.

ராஜதுரைக்கு ஒரே சந்தோஷம். "இனிமே ஊதுபத்தி வாங்காண்டாம்" என்று சிரித்தான். செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்கு உள்ளவர்களை ஏமாற்றுவது ஒரு சாமர்த்தியம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இவள் மூக்கையே நம்பி இருக்கிறவரை ஏமாற்றுவதற்கு என்ன பேர்? அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இனி மீனே வேண்டாம் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் நினைப்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாக்குதான் ஜெயிக்கும். நாக்குக்கு ஏது வெட்கம்?

டீச்சரோ, வந்தவர் போனவரையெல்லாம் கூட்டிவந்து அவள் அடுக்களையைக் காட்டினார். "பாத்தியளா, உள்ள என்ன இருக்கோ அதை வெளிய எழுதி வச்சிருக்கா. மனுசங்களும் இப்படி இருந்துட்டா தொல்லையே இல்ல" என்றார். எல்லாரும் பாட்டில்களைப் பார்த்தார்கள். செல்வி சட்டியைப் பார்த்தாள்.

கந்தசஷ்டி வந்தது. டீச்சர் விரதம் இருந்தார். முருகன் செல்விக்கும் சாமிதான். அவளும் அந்த நாட்களில் மீனைத் தொடவில்லை. சூரசம்ஹாரத்தன்று காலை, பட்டினியில் வாடிய முகத்தோடு டீச்சர் மாடிக்கு வந்தார்.

"நாளைக்குத் திருக்கல்யாணம். மண்சட்டியில சர்க்கரைப் பொங்கல் வச்சுப் படைக்கணும்னு ஆசையா இருக்கு. நீ சும்மா அழகுக்குத்தான வச்சிருக்கே, பொழங்காத சட்டி. இதை எனக்குக் குடேன்."

செல்வி வாய் திறப்பதற்குள் அவரே சட்டியை இறக்கிவிட்டார். பூக்களை எடுத்து மேடைமேல் வைத்தார். சணல் முடிச்சை அவிழ்த்தார். கருஞ்சட்டியில் புதுசும் பழசும் கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்குத்தான் தெரியும். டீச்சர் சட்டியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பூஞ்சை வாடை ஏதும் அடிக்கான்னு பாரு. நீ சொன்னாச் சரி."

செல்வி குனிந்தாள். எத்தனை தேய்த்தாலும் போகாத வாடை, புளியும் சாளையுமாக மூக்கில் ஏறியது. நல்லாருக்கு என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாளைக்கு முருகன் முன்னால் இந்தச் சட்டியில் பொங்கல் பொங்கும், டீச்சருக்கு ஆயுசுக்கும் தெரியாது. அதுதான் அவளைக் கொன்றது.

"மீன் வாடை அடிக்கு டீச்சர்."

"மீனா?" டீச்சர் சட்டியைத் திருப்பிப் பார்த்தார். "சட்டிக்காரன் மீன்கூடை பக்கத்துல போட்டு வச்சிருந்திருப்பான்."

தப்பிக்க வழியை அவரே திறந்து கொடுத்தார். செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சட்டிக்காரன் மேல தப்பில்ல டீச்சர். நாந்தான். வந்ததுல இருந்து நீங்க கோயிலுக்குப் போற நேரமாப் பாத்து இதுல மீன் வைக்கேன். சைவம்னு சொன்னது பொய்."

டீச்சர் கத்துவார், வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று செல்வி எதிர்பார்த்தாள். அப்படிக் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவர் சட்டியை மெல்ல மேடைமேல் இறக்கி வைத்தார்.

"அப்போ, பாலு?" என்றார்.

"பால்ல பொய் சொல்லல டீச்சர். சத்தியமா. எதை நீங்க குடுத்தாலும் உள்ளதைத்தான் சொன்னேன்."

"சொல்லியிருப்பே. ஆனா அது எனக்கு எப்படித் தெரியும்?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. துணியை மறுபடி சுற்றி, சணலை முன்னைவிட அழகாக முடிந்து, பூக்களைச் செருகிச் சட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்லப் படியிறங்கினார்.

மறுநாள் காலை செல்வி குளித்துவிட்டு வாசலிலேயே நின்றாள். பால்காரன் வந்து போனான். படியில் சத்தம் இல்லை. அடுக்களை ஜன்னலுக்குப் போய் மணிபிளாண்டை விலக்கிக் கீழே பார்த்தாள். டீச்சர் கேட் பக்கத்தில் பால் செம்போடு நின்றிருந்தார். கீரைக்காரி முப்பிடாதி கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"முப்பிடாதி, இதைக் கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லு. பொங்கலுக்கு வேணும்."

முப்பிடாதி செம்பின்மேல் குனிந்தாள். மூக்கை உறிஞ்சினாள். "மழையில நனைஞ்சு ஒரே சளி டீச்சர். ஒண்ணும் தெரியல. மாடியில அந்தப் பிள்ள இருக்கால்லா, அவகிட்டக் கேளுங்க."

செல்வி செருப்புக்கூடப் போடாமல் கதவைத் திறந்து படியில் ஓடினாள். பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள். டீச்சர் மாடியை நிமிர்ந்து பார்க்கவில்லை. செம்புப் பால் முழுவதையும் முருங்கை மரத்து மூட்டில் ஊற்றிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.