கால் பங்கு

பத்திரத்தில் ஆளுக்குக் கால் பங்கு என்று எழுதியிருந்தது. என் கணவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "அப்ப என்னோடது எந்தக் கால்?" என்று கேட்டார். குதிரையை வாங்கிய நாலு பேரும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பங்கு போய்விட்டது, கால் மட்டும் நின்றுவிட்டது. முன்னங்கால்கள் இரண்டையும் என் கொழுந்தனும் அவன் நண்பர் மருந்துக்கடைக்காரரும் எடுத்துக்கொண்டார்கள். வலது பின்னங்கால் மீசைக்கு. அவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். மீசையைத் தவிர அவரிடம் வேறெதுவும் ஞாபகத்தில் நிற்காது. இடது பின்னங்கால் எங்களுக்கு.

குதிரையின் பெயர் அவசரம். ஓடிய ஆறு ரேஸில் நாலில் கடைசி. "பேர்லதான் அவசரம்" என்பார் என் கணவர், ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோல. அவர் போன பிறகு அந்தக் கால் என் பெயருக்கு வந்தது. பதினோரு மாதம் ஆகிறது.

எனக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. பக்கத்தில் போகவே பயம். ஆனால் தினமும் காலை ஆறரைக்குப் பயிற்சியாளரின் குரல் எங்கள் வாட்ஸப் குழுவில் வரும். கரகரத்த, நிதானமான குரல். "முன்னங்கால் வலது, சுத்தம். முன்னங்கால் இடது, சுத்தம்..." வீக்கமோ சூடோ இல்லாத காலை அவர் சுத்தம் என்பார். என் கால் கடைசியில் வரும். அதைக் கேட்ட பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன். பல நாட்களில் அதற்குப் பிறகு வேறு யாரும் என்னிடம் எதுவும் சொல்வதில்லை.

போன வாரம் கொழுந்தன் ஒரு தாள் கொண்டுவந்தான். என் காலை அவன் மைத்துனன் பெயருக்கு மாற்றும் தாள்.

"உங்களுக்கு எதுக்கு அண்ணி இந்தத் தொல்லை? அண்ணன் ஏதோ ஆசைக்கு வெச்சிருந்தார். கையெழுத்து மட்டும் போட்டு வைங்க. சனிக்கிழமை ரேஸுக்குப் போற வழியில வாங்கிக்கறேன்."

அவன் தொல்லை என்றது எதை என்று யோசித்தேன். கையெழுத்துப் போட்டால் என்னிடமிருந்து போவது ஆறரை மணிக் குரல் ஒன்றுதான். தாளை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டினேன்.

வியாழக்கிழமை குளியலறையில் வழுக்கினேன். விழவில்லை, இடது கணுக்கால் மடங்கிக்கொண்டது. சுவரைப் பிடித்துக் கூடத்துக்கு வருவதற்குள் பன் மாதிரி உப்பிவிட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் பெயர்கள் நிறைய இருந்தன. ஒவ்வொரு பெயரிலும் விரல் நின்று நின்று நகர்ந்தது. இதற்கா கூப்பிட்டாள் என்று நினைத்துவிட்டால்? குழுவில் எழுதினால் யாரையும் தனியாகத் தொந்தரவு செய்ததாக ஆகாது. எழுதினேன்: "இடது கால் வீங்கியிருக்கு. ஊன்ற முடியலை."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"அய்யய்யோ, எப்பலேர்ந்து?" கொழுந்தன்.

"தொட்டா சூடா இருக்கா?" மருந்துக்கடைக்காரர்.

தொட்டுப் பார்த்தேன். "கொஞ்சம் சூடு இருக்கு" என்று எழுதினேன்.

"அசைக்கவே கூடாது. கட்டு போட்டாச்சா?" மீசை.

"டாக்டரை உடனே அனுப்பறேன். கவலைப்படாதீங்க." மறுபடி கொழுந்தன்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர்களைப் பற்றி என்னவெல்லாம் நினைத்திருந்தேன் என்று வெட்கமாகக்கூட இருந்தது. நொண்டியபடியே எழுந்து, சோபாவில் குவிந்து கிடந்த துணிகளை மடித்து உள்ளே வைத்தேன். கசங்கிய நைட்டியை மாற்றினேன். கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, டாக்டருக்காக ஒரு நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு, காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் குழுவில் பயிற்சியாளரின் குரல் வந்தது. "டாக்டர் வந்து பாத்துட்டார். நாலு காலும் சுத்தம். வீக்கம்னு யார் சொன்னது?"

எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. சிரித்தால் கால் வலித்தது.

கொழுந்தன் அழைத்தான். "என்ன அண்ணி, லாயத்துப் பக்கமே போகாத உங்களுக்கு யார் சொன்னா? சனிக்கிழமை ஓடலைன்னு பேரை எடுக்கச் சொல்ல இருந்தேன்!"

"அது என் கால்ப்பா."

"உங்க கால்தான் அண்ணி, அதைத்தான் டாக்டர் ரெண்டு தடவை பாத்தாராம்."

"என் சொந்தக் கால். குளியலறைல வழுக்கிடுச்சு."

"அடடா" என்றான். அதில் கவலை இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நிம்மதி முந்திக்கொண்டது. "நல்ல வேளை, அப்ப சனிக்கிழமை ஓடலாம். நீங்க ரெஸ்ட் எடுங்க. எல்லார்கிட்டயும் நான் சொல்லிடறேன்."

குழுவில், "அண்ணி ஏதோ தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க, ஒண்ணுமில்லை" என்று எழுதினான். மீசை கும்பிடும் கைகளைப் போட்டார்.

சற்று நேரத்தில் பயிற்சியாளர் என் எண்ணுக்கே அழைத்தார். அதுதான் முதல் தடவை.

"ஏம்மா, தப்பா புரிஞ்சுக்கிட்டவங்க சூடு இருக்குன்னு எழுத மாட்டாங்களே. தொட்டுப் பாத்தவங்கதான் அப்படி எழுதுவாங்க. எந்தக் கால்?"

"இடது."

"பின்னங்காலா?"

"எனக்கு மொத்தமே ரெண்டுதான்."

அவர் சிரித்தார். பிறகு லாயத்தில் சொல்வதைப்போலவே சொன்னார். வாளியில் ஐஸ் தண்ணீர், இருபது நிமிடம். கட்டு கீழேயிருந்து மேலே வர வேண்டும். காலையில் பெருவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். விழுந்த குழி சட்டென்று நிரம்பினால் வீக்கம் வடிகிறது என்று அர்த்தம். எலும்பில் வலி இருந்தால் எக்ஸ்ரே. வைத்துவிட்டார். தனியாகவா இருக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. பேசத் தெரியாதவற்றோடு பழகியவர். கேட்க வேண்டியதைக் காலிடமே கேட்டுக்கொள்வார் போலிருக்கிறது.

சனிக்கிழமை கொழுந்தன் வந்து ஃப்ரிட்ஜைப் பார்த்தான்.

"இன்னும் போடலையா அண்ணி?"

"கால் சரியாகட்டும்."

"கையெழுத்து போடறதுக்குக் கால் எதுக்கு?"

"குடுக்கறது காலைத்தானேப்பா? வீக்கத்தோடயா குடுக்கறது?"

நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தான். என் கட்டைப் பார்த்தான், பிறகு கடிகாரத்தை. "சரி, அடுத்த வாரம் வரேன்." ரேஸுக்கு வருகிறீர்களா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன். ஆனாலும் கார் கிளம்பும் சத்தம் தேயும்வரை வாசலில் ஒற்றைக் காலில் நின்றிருந்தேன். உள்ளே வந்து தாளை நாலாக மடித்து, என் கணவருடைய பழைய கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் இழுப்பறையில் வைத்தேன். அடுத்த வாரமும் அது அங்கேதான் இருக்கும். அன்றைய ரேஸில் அவசரம் கடைசிக்கு முந்தியதாக வந்தது.

ஞாயிறு காலை ஆறரைக்குக் குரல் வந்தது. நாலு காலும் சுத்தம். பிறகு ஒரு சின்ன இடைவெளி. "அஞ்சாவது?"

மீசை உடனே எழுதினார்: "அவசரத்துக்கு அஞ்சு காலா? அதான் தடுக்கித் தடுக்கி ஓடுதா!" மருந்துக்கடைக்காரர் சிரிப்பு பொம்மைகளை வரிசையாகப் போட்டார்.

கட்டைப் பிரித்துப் பெருவிரலால் அழுத்தினேன். விழுந்த குழி மெதுவாகத்தான் நிரம்பியது.

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று எழுதிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.