நாற்பதாவது போர்டு

நாற்பது போர்டும் ஒன்றுபோல வாயை மூடிக்கொண்டபோதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூட மணியை வேளைக்கு அடிக்கிற டைமர் போர்டுகள். சனிக்கிழமை மாலை வண்டியேற வேண்டியவை. அன்றைக்குத்தான் சனிக்கிழமை.

போன தடவை முதலாளி ஜானகிராமன் சார் பேச்சைக் கேட்டு, சிப்புக்குள்ளேயே இருக்கிற கடிகாரத்தை நம்பி அனுப்பினோம். தட்டாஞ்சாவடியில் எங்கள் பட்டறைத் தகரக் கூரைச் சூட்டுக்கே தடுமாறுகிற கடிகாரம் அது. சாப்பாட்டு மணி பத்து நிமிஷம் தள்ளிப்போய், ஹெட்மாஸ்டர்கள் போனில் அர்ச்சனை செய்தார்கள். சிப்புக்கு வெளியே, நேரம் தவறாமல் துடிக்கிற ஒரு க்ரிஸ்டல் வைக்கலாம் என்று நான் முதலிலேயே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். இந்தத் தடவை வைத்தாயிற்று. ஆனால் சிப்புக்கு அதைச் சொல்லும்போது கம்ப்யூட்டர் பட்டியலில் ஒரு வரி தள்ளி க்ளிக் செய்துவிட்டேன். அந்த வரிப்படி, பக்கத்திலேயே க்ரிஸ்டல் இருந்தாலும் சிப் அதைச் சீண்டாது. வேறு யாராவது வெளியிலிருந்து துடிப்பு அனுப்ப வேண்டும். அதுவரை எதற்கும் பதில் சொல்லாது. ஒரு சிப்பில் எழுதிச் சோதித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும் என்பது பாலபாடம். நானோ அவசரத்தில் நாற்பதிலும் எழுதியிருந்தேன்.

அவசரத்துக்குக் காரணம் சாரின் பீரோ. வேலைக்குச் சேர்ந்த அன்றே என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார். பேசியது இரண்டு வருஷம், அது முடிந்து ஐந்து மாதமாகிவிட்டது. திங்கட்கிழமை காலை எனக்குப் பெங்களூரில் இன்டர்வியூ. ஒரிஜினல் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். நாற்பதையும் முடித்துக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள் என்று சார் சொல்லியிருந்தார். எங்கள் ஊர் தவளக்குப்பத்தில் அப்பா பஸ் டிக்கெட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

பிறகு ஒரு யோசனை வந்தது. பெட்டியில் மிச்சமிருந்த நல்ல சிப் ஒன்றைத் துடிப்பு அனுப்ப வைத்து, அதிலிருந்து ஒரு கம்பியை இழுத்துச் செத்த சிப்பின் காலில் தொட்டேன். கம்ப்யூட்டருக்குப் பதில் வந்தது. சரியான வரியை எழுதிவிட்டுக் கம்பியை எடுத்தேன். அது தன் க்ரிஸ்டலிலேயே ஓடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

திட்ட வந்த சார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். பதினைந்தாவது போர்டின்போது எனக்கு டீ வரவழைத்தார். இத்தனை நாளில் வராத டீ. அதைத் தொடாமல் அடுத்த போர்டை எடுத்தேன்.

முப்பத்தொன்பதாவது முடிந்ததும் சொன்னார்: "செத்ததையே எழுப்பிட்டியேம்மா கலைவாணி. உன்ன எப்பிடி அனுப்பறது? பீரோ சாவிய வூட்ல வச்சிட்டு வந்துட்டேன். செவ்வாக்கெழம பாத்துக்கலாம்."

சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் தொங்கியது. அதில் பீரோ சாவி எதுவென்றுகூட எனக்குத் தெரியும். இரண்டரை வருஷமாக நான் செய்த பெரிய தப்பு வேலையை ஒழுங்காகச் செய்ததுதான் என்று பட்டது. ஆத்திரமாக வந்தது.

நாற்பதாவது போர்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். துடிப்புக் கம்பியைப் பிடுங்கிக் கைக்குள் சுருட்டிக்கொண்டேன். வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"சாவி வரட்டும் சார். அதுவரைக்கும் இதுவும் இப்பிடியே இருக்கட்டும்," என்றேன்.

சோதனைக்காக எல்லாவற்றிலும் ஐந்து மணிக்கு அடிக்கும்படி வைத்திருந்தேன். மேஜைமேல் முப்பத்தொன்பது போர்டுகளும் ஒரே சமயத்தில் டக்கென்றன. மடியிலிருந்தது சும்மா கிடந்தது. சாரின் கை இடுப்புக்குப் போயிற்று. அங்கே சாவிக்கொத்தும் இருந்தது, செல்போன் உறையும் இருந்தது.